மரியாதை போச்சு, சார்

தேர்தல் வந்தால் என் செல்போனில் தலைவர்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். காலையில் ஒருவர், டிபன் சாப்பிடும்போது இன்னொருவர். 'வணக்கம், உங்கள் வீட்டுப் பிள்ளை பேசுகிறேன்' என்று குரல் வரும். நான் டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். எதிர்முனையில் ஆள் பேசினால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. 'சொல்லுங்க' என்பேன். அந்தப் பக்கம் என்னைக் கண்டுகொள்ளாமல் பேசிக்கொண்டே போகும். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், "எங்க நகர்ல சாக்கடை அடைச்சுக் கெடக்கு, மொதல்ல அதக் கேளுங்க" என்று கத்தினேன். 'உங்கள் பொன்னான வாக்குகளை' என்றது போன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க லைன்ல?" என்றாள். பதிவு செய்த குரலோடு சண்டை போடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இந்தக் காலத்தைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உட்கார முடிவதில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். பேப்பரை விரித்தால் கோபம் வருகிறது, டிவியைப் போட்டால் அதைவிட அதிகம் வருகிறது. நாலு பேரை உட்காரவைத்துச் சண்டை மூட்டிவிட்டு அதற்கு விவாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போன மாதம்வரை மேடைக்கு மேடை 'அவன்', 'இவன்' என்று ஏசியவர், கூட்டணி முடிவான மறுநாள் 'அண்ணன் அவர்கள்' என்கிறார். கூட்டணி உடைந்த சாயங்காலமே பழையபடி 'அவன்'. சீட்டுப் பங்கீடு முடியும்வரை யார் யாருக்கு 'ர்', யார் யாருக்கு 'ன்' என்று அவர்களுக்கே தெரியாது போலிருக்கிறது.

நான் வீடு கட்டியிருக்கும் நகர் முன்பு வயலாக இருந்த இடம். இப்போது பெயரில் மட்டும் 'கார்டன்' இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். அவன் அனுப்புவதில் மாடி எடுத்து, அந்த மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு அம்மா கையில் வடகத்தோடு பின்னால் ஓடுவதைப் பார்க்கலாம். என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். மகள் பெங்களூரில் இருக்கிறாள், அதுவும் எனக்கு வெளிநாடு மாதிரிதான். பேச ஆள் வேண்டுமென்றால் மாயவரம் ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும்.

மயிலாடுதுறை என்று போர்டு மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் மாயவரம் மாறவில்லை. பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. காலை நடை முடிந்ததும் அங்கே மூன்று பேர் சேருவோம். ஒருவர் லுத்தரன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். மூன்று பிள்ளைகளும் கனடாவில். இன்னொருவர் வடக்கே அஞ்சு மைலில் ஒரு கிராமத்துப் பண்ணையார். நிலத்தைப் பாதிக்குமேல் விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிட்டவர். ஒரே மகன் அமெரிக்காவில். மூன்றாவது ஆள் நான். என்னை இருவரும் 'டெலிபோன் சார்' என்பார்கள். நானும் அவர்களை 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். பண்ணையார் என்று இங்கே எழுதுவது உங்களுக்கு அடையாளம் தெரிவதற்காகத்தான். அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை, ஐயா என்றும் சொன்னதில்லை. இந்த 'சார்' என்ற வார்த்தையைக் கப்பலில் ஏற்றி அனுப்பியவன் எவனோ, அவன் நன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேல்படி கீழ்ப்படி கிடையாது.

மூவரும் சேர்ந்து ஊரையும் உலகத்தையும் திட்டித் தீர்ப்போம். திட்டுவதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. ஃபிளெக்ஸ் போர்டு, பிறந்தநாள் லவுட்ஸ்பீக்கர், ஆற்றில் மணல் அள்ளுகிற லாரி என்று ஒன்றையும் விடமாட்டேன். ஆனால் பண்ணையார் 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பித்தால் மட்டும் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். எழுந்து போய் சிக்னல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வராத ரயிலுக்காக நான் அப்படி எத்தனை தடவை எழுந்து நின்றிருப்பேனோ தெரியாது.

காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அந்தப் பண்ணையார் வீட்டுப் பண்ணையாள். அது பண்ணையாருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் கேட்காமல் இருந்தார். எது என்று எனக்குத் தெரியவில்லை. முதல்முதலாகப் பேசியபோது "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். "டெலிபோன் குவார்ட்டர்ஸ்லயே இருந்துட்டோம் சார், நமக்கு ஊரெல்லாம் மாயவரந்தான்" என்றேன். அவர் தலையாட்டினார். அத்தோடு விட்டுவிட்டார்.

நான் ஏழெட்டு வயசுப் பையனாக வரப்பில் நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா மடையை வெட்டித் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறார். பண்ணை வீட்டுப் பையன், இப்போது பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிற அதே பண்ணையார்தான், என்னைவிட நாலு வயசு பெரியவன், களத்திலிருந்து கூப்பிட்டான். "டேய், இங்க வாடா. கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டுப் போவுது பாரு, புடிச்சுக் கட்டுடா." அப்பா மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு, "இதோ வந்துட்டேங்க சின்னய்யா" என்று ஓடினார். அப்போது அப்பாவுக்கு நாற்பது வயசு இருக்கும். வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பெரிய மனிதரை, அதுவும் என் அப்பாவை, அப்படிக் கூப்பிடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மிஷன் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள், படித்தேன், டெலிபோன் வேலை கிடைத்தது. வெளியூர் கால்களை இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்தால் காதில் ஹெட்செட், முன்னால் வரிசையாக ஒயர்கள். கால் புக் பண்ணுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் என் குரலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒயர் வழியாகப் பேசும்போது நான் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. நான் 'சொல்லுங்க' என்றால் அவர்களும் 'சொல்லுங்க' என்றார்கள். நான் காலம் முழுக்கச் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

ஒருநாள் போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. எடுத்தேன். "சார், கொஞ்சம் அவசரம் சார், மெட்ராஸ் லைன் போட்டுக் குடுங்க சார்" என்றது குரல். குரல் உடைந்து கனத்திருந்தாலும் அந்தக் களத்துக் குரல்தான் அது. நம்பரைப் பார்த்தேன், அந்த வீடுதான். உடனே போட்டுக் கொடுத்தேன். "ரொம்ப தேங்ஸ் சார்" என்றார் சின்னய்யா. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். பூரித்துப்போவார் என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "நீ யாரு மவன்னு சொல்லிடலையே?" என்றார்.

"சொல்லலப்பா."

"சொல்லிடாதடா. அவுங்களா குடுக்கற மருவாதி. தெரிஞ்சா சங்கடப்படுவாங்க."

அப்பா காலமான பிறகும் அந்த வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். எஸ்.டி.டி. பூத் வந்தது, ஊருக்கு ஊர் மஞ்சள் போர்டு மாட்டினார்கள். டிரங்க் போர்டைக் கழற்றிப் பழைய சாமானோடு போட்டார்கள். பிறகு பிச்சைக்காரர் முதல் பெரிய மனிதர் வரை எல்லார் கையிலும் செல்போன். இப்போது கிரெடிட் கார்டு விற்கிற பெண் ஒரு நாளைக்கு நாலு தடவை என்னை 'சார், சார்' என்கிறாள். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறாள். அந்த 'சார்' எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டிய 'சார்' ஜங்ஷன் பெஞ்சில் இருந்தது. நான் காலையில் எழுந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு ஓடியது அதற்காகவும்தான்.

இப்படி இருக்கையில் ஒருநாள் பண்ணையார் முகம் வாடிப்போய் வந்தார். அமெரிக்காப் பேரன் செல்போனில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறான். "தாத்தா, நீ எப்படி இருக்க? நீ சாப்ட்டியா?" என்று கேட்டிருக்கிறான். பையனுக்கு எட்டு வயசு. அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

"ஒரு 'ங்க' போடத் தெரியல சார் அவனுக்கு. பெத்தவன் பக்கத்துல உக்காந்து சிரிக்கிறான். மரியாதை போச்சு சார்" என்றார்.

வாத்தியார், தன் பேத்திக்கு அவ்வளவு தமிழும் தெரியாது என்று சொல்லி அவரைத் தேற்றப் பார்த்தார். பண்ணையார் கேட்கவில்லை. "அந்தக் காலத்துல சின்னப் பையன்கூட வாங்க போங்கன்னுதான் சார் பேசுவான். பெரியவங்கன்னா ஒரு பயம் இருந்துச்சு."

நான் எழுந்தேன். சிக்னல் விழவில்லை. திரும்ப உட்கார முடியாமல் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எந்தச் சின்னப் பையன்? யாரிடம்? இந்தக் கேள்விகள் வழி முழுக்க என் வாயில் இருந்தன. ஆட்டோக்காரர் ஒருவர் "பெருசு, ஓரமா போ" என்றார், அதற்குக்கூடக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து நடந்தேன். வாசல், கொல்லை, மறுபடி வாசல். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. போனால் சொல்லிவிடுவேன் என்று பயம். சொன்னால் என்ன ஆகும்? அவர் வேறு பெஞ்சு பார்த்துக்கொள்வார். அல்லது அதே பெஞ்சில் உட்கார்ந்து, 'சார்' போய் வேறு ஏதாவது வரும். இந்த வயசில் எனக்கு வேறு பெஞ்சு எங்கே இருக்கிறது?

"தரை தேஞ்சு போவுது, ஒரு எடத்துல உக்காருங்க" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்" என்றாள்.

"எனக்கும் அந்தாளுக்கும் என்னடி ஒண்ணு?"

"இப்ப 'டி'ன்னீங்க பாருங்க, அதான். நாப்பது வருஷமா நான் உங்களுக்கு 'ங்க' போட்டுக்கிட்டிருக்கேன். என்னைக்காவது எனக்கு ஒரு 'ங்க' திரும்பி வந்துச்சா?"

அது வேற விஷயம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதையேதான் பண்ணையாரும் சொல்வார் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே கீரையை ஆயத் தொடங்கினாள்.

"போய்ச் சொல்லித் தொலைங்க. மாமா பயந்தாங்க, அவங்க காலம் அப்படி. உங்களுக்கு என்ன பயம்? பென்ஷன அவரா குடுக்கறாரு?" என்றாள்.

பயம்தான். அவளுக்குப் புரியவைக்க முடியாத பயம். அவர் கோபித்துக்கொள்வார் என்பது இல்லை. கோபித்துக்கொண்டால் நான் ஜெயித்தவன் ஆகிவிடுவேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் என்ன செய்வது என்றுதான் பயம்.

நாலாம் நாள் போனேன். வாத்தியார் வந்திருக்கவில்லை, பல் டாக்டரிடம் போயிருக்கிறார் என்று பண்ணையார் சொன்னார். "என்ன சார், ஒடம்புக்கு முடியலையா? போன் பண்ணலாம்னு பாத்தேன்" என்று நகர்ந்து இடம் விட்டார். நன்றாகத்தான் விசாரித்தார். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்போது அவராகத்தான் ஆரம்பித்தார்.

"நேத்திக்கும் அந்தப் பய பேசினான் சார். 'தாத்தா, போனத் திருப்பிப் புடி'ங்கறான். எங்க பண்ணையில ஆம்பள பொம்பளன்னு அத்தன பேரு வேல பாத்தாங்க. ஒருத்தன் நிமிந்து நின்னு ஒரு வார்த்த மரியாதக் கொறவா பேசினது கெடையாது. அதெல்லாம் ஒரு காலம்."

"அதுல ஒருத்தர் எங்க அப்பா, சார்" என்றேன்.

சொல்லிவிட்டேன். குரல் நடுங்காமல்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"யாரு?"

"உங்க வயலுக்குத் தண்ணி கட்டினவர். வலது கண்ணுல பூ விழுந்திருக்கும்."

அவர் முகத்தில் நான் எதை எதிர்பார்த்தேனோ அது வரவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அட! அவன் மகனா நீங்க! மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? அவனாட்டம் தண்ணி கட்ட இந்தச் சீமையில ஆள் உண்டா? சின்ன வயசுல அவன் தோள்ல ஏறித்தான் சார் நான் தேரே பாத்திருக்கேன். நான் கீழ எறங்க மாட்டேம்பேன். அவன் அப்படியே தூக்கிக்கிட்டு நடப்பான். தங்கமான மனுஷன்."

அவர் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, அது எனக்குத் தெரியும். ஆயிரம் குரல் கேட்ட காது இது, பொய்க் குரல் என்றால் பிடித்துவிடும். என் அப்பாவை இந்த உலகத்தில் எங்கள் வீட்டைத் தவிர ஞாபகம் வைத்திருக்கிற கடைசி ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். எனக்கும் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'அவன் மகனா நீங்க' என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். ஒரே மூச்சில் எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. எனக்குக் கொடுத்த 'ங்க' அவ்வளவும் கசந்துபோயிற்று.

"அவர்னு சொல்லலாமே, சார்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "என்ன சார்?"

"எங்க அப்பாவ. அவர்னு சொல்லலாம்."

அவர் கை தளர்ந்தது, ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் சரக்கு வண்டி ஒன்று நெல் மூட்டைக்காக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி சொன்னார்.

"சின்னப் புள்ளேலேருந்து அப்படியே வாயில வந்துடுச்சு."

"தெரியும் சார்."

"வேணும்னு சொல்லல."

"அதுவும் தெரியும்."

"எங்க அப்பா அப்படிச் சொல்லுவாரு. எங்க அம்மா அப்படிச் சொல்லுவாங்க. நானும் சொன்னேன்." அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். பெஞ்சு போனால் போகட்டும். அவர் எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர் கேட்பதுபோல் மெல்லக் கேட்டார்.

"உங்க அப்பா... எப்ப தவறிப் போனா..."

அங்கே நின்றுவிட்டார். தமிழில் மரியாதை கடைசி எழுத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் எல்லாருக்கும் பொது. 'போனா' வரைக்கும் ஆண்டையும் ஆளும் ஒன்றுதான். அவர் வாய் திறந்தபடி இருந்தது. நாக்கு எழுபது வருஷப் பழக்கத்தில் ஒரு பக்கம் போகப் பார்க்கிறது, அவர் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்பது எனக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி தெரிந்தது. வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே பழகியவன் நான். அன்றைக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"...ரு?" என்றார்.

சரியா என்று வாத்தியாரைக் கேட்கிற பையன் மாதிரி என்னைப் பார்த்தார்.

எப்போது போனார், என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம் என்று சொன்னேன். சொல்லும்போது இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அந்த வீட்டு வாயிலிருந்து அப்பாவுக்கு வந்த முதல் 'ரு' அது. அதைக் கேட்டுக்கொள்ள அவர் இல்லை. அவருக்குப் பதிலாக நான் கேட்டுக்கொண்டேன்.